பையைக் கவிழ்த்த நாள்

காலை ஆறு பத்துக்கு ஒன்று.
முதல் ரோப் கார் பெட்டி கிளம்பும் முன்,
இயந்திர அறையில், நின்றபடியே,
தெர்மாஸ் மூடியில் வெந்நீர் ஊற்றி.
ஆரஞ்சு நிறத்தில் சின்னஞ்சிறு சாய்சதுரம்.
எண்பத்து நான்கு நாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள்.
எங்கள் சியாதுராவில்
விருந்தே மூன்று நாளில் முடிந்ததில்லை.

கிருமி வந்த வழி எனக்குத் தெரியும்
என்றுதான் நினைக்கிறேன்.
தொண்ணூற்று மூன்று, டிசம்பர்,
மின்சாரமில்லாத பிரசவ அறை,
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
யாரோ கொடுத்த ரத்தம்.
அது இல்லையென்றால் நானில்லை, வாஜாவும் இல்லை.
அதனால் திட்ட வாய் வருவதில்லை.
இருபத்தாறு வருடம் ஈரலில் குடியிருந்தது
வாடகை தராமல், சத்தம் போடாமல்,
சுவரை மட்டும் சுரண்டிக்கொண்டு.

ஐந்தாம் வாரம் நர்ஸ் லம்சீரா கேட்டாள்:
"வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா, சியாலா?"
இல்லை என்றேன்.
முதல் நாளும் அதே கேள்வி, அதே இல்லை.
பொய்யில்லை.
தேநீரை யார் மருந்துக் கணக்கில் எழுதுவார்கள்?

"வீட்டுக்குப் போ.
வாய்க்குள் போகிற எல்லாவற்றையும்
ஒரு பையில் அள்ளிக்கொண்டு வா.
உப்பை விட்டுவிடு."

கவிழ்த்தேன்.

நெஞ்செரிச்சலுக்குச் சப்புகிற வெள்ளை வில்லை:
"இதற்கும் அதற்கும் நடுவே நான்கு மணி நேரம் விடு."
தூக்கத்துக்குக் காய்ச்சும் க்ரசானா,
ஜூன் மாதச் சரிவில் நானே பறித்த மஞ்சள் பூ,
செய்தித்தாளில் சுருட்டியது:
அதை அவள் திருப்பித் தரவே இல்லை.
"பூதான்.
ஆனால் உள்ளே போன மாத்திரையைக்
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்."
ஐந்து வாரம், ஐந்து வாரமும் இரவில் இரண்டு கோப்பை.
முகம் சுட்டது எனக்கு.

பையின் அடியில் ஒரு தகடு. நான்கு குழி காலி.
"இது யாருடையது?"

ஓத்தியாவுடையது.
அவருக்கு இதயம் தாளம் தப்பும்.
போன வாரம் எனக்கும் படபடத்தது.
தினமும் பாதி உடைத்துக் கொடுத்தார்,
ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பது போல.

அ-மி-யோ-ட-ரோன்.
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
பிறகு பேசவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்று.

படியேறுகையில் கண் இருட்டியதை
வயது என்று நினைத்திருந்தேன்.

குத்தாயிசி ஆஸ்பத்திரியில் நான்கு இரவு.
மார்பில் ஒயர்கள். திரையில் பச்சைக் கோடு
மாங்கனீசு ஏற்றிய பழைய தொட்டி போல
அவசரமில்லாமல் ஏறியது, இறங்கியது.
மாத்திரையைத் தொடர்வதா விடுவதா என்று
நான் முடிவெடுக்கவில்லை.
எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்தார்கள்.
தொடரச் சொன்னார்கள், கண்ணெதிரே வைத்துக்கொண்டு.

ஓத்தியா வந்தார். ஆரஞ்சுப் பழம் உரித்தார்.
"கெட்டதற்காகவா கொடுத்தேன்?"
இல்லை, ஓத்தியா. அதுதான் பயமே.
இப்போது அவர் டப்பாவில் சிவப்பு மையால்
அவர் பெயர், பெரிதாக.
அலமாரியின் உச்சியில் இருக்கிறது.
ரொட்டியையும் சண்டையையும் மட்டும் பங்கிடுகிறோம்.

தம்பி நுக்ஸாரின் மேஜையில்
பத்தாவது வாழ்த்துக்குக் கோப்பைகள் எழுந்தபோது
நான் பேரிக்காய் சோடாவை உயர்த்தினேன்.
யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.
என் ஈரலை யாரும் இரவல் தரப்போவதில்லை.

கடைசி சாய்சதுரத்தை விழுங்கிய பிறகும்
பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.
அப்போதுதான் ரத்தம் உண்மை சொல்லுமாம்.

இன்று காலை பதினொன்றுக்கு
லம்சீராவின் எண் ஒளிர்ந்தது.
க்விரிலா ஆற்றுக்கு மேலே, பாதி வழியில்,
பெட்டிக்குள் மூன்று பேர், ஒரு மாவு மூட்டை.
ஆள் தொங்கும்போது போனைத் தொடக்கூடாது,
விதி.

கை நெம்புகோலில்.
கண் கம்பியில்.
அடிக்கட்டும்.
முதலில் இவர்கள் இறங்கட்டும்.